வெடித்ததா? எரிந்ததா?

குன்னத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெரம்பலூர் மாவட்டத்தில், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமியில் இருக்கிற ஊர் அது. அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில் வேலையாயிருக்கிறானாம். வருஷத்துக்கு ஒரு தடவை விமானத்தில் வந்து போகிறானாம். சகோதரி கேட்கிறார்:

"எங்கேயாவது விமானம் விழுந்துவிட்டால், 'வெடித்துச் சிதறியது' என்று ஒருவர் சொல்கிறார். 'தீப்பிடித்து விழுந்தது' என்று இன்னொருவர் சொல்கிறார். கடைசியில் எல்லாம் சாம்பல்தானே? அந்தச் சாம்பலை வைத்துக்கொண்டு எது முந்தி, எது பிந்தி என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்டுபிடித்துத்தான் என்ன லாபம்? போன உயிர் திரும்பி வரவா போகிறது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போன உயிர் வராது, வாஸ்தவம். ஆனால் போக இருக்கிற உயிரைத் தடுக்கலாம் அல்லவா? குண்டு வைத்து வெடித்தது என்றால், எங்கோ ஒரு கொலைகாரன் நடமாடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். யந்திரக் கோளாறினால் தீப்பிடித்தது என்றால், அதே கோளாறோடு அதே ஜாதி விமானங்கள் இன்னும் பறந்துகொண்டிருக்கலாம் என்று அர்த்தம். ஒன்றை மற்றொன்று என்று தவறாகத் தீர்மானித்துவிட்டால், நிரபராதி மீது பழி விழும், குற்றவாளி தப்பிப்பான், கோளாறும் அப்படியே இருக்கும். ஆகையால் சாம்பலைக் கிளறுகிறவர்கள் செய்வது வீண் வேலை இல்லை.

சாம்பல் பேசுமா என்று சந்தேகப்பட வேண்டாம். அந்தச் சகோதரியின் மாவட்டத்திலேயே சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்த மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. புவியியல் நிபுணர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதைப் பற்றி உலகத்துக்குச் சொன்னார். சுமார் பன்னிரண்டு கோடி வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்று அந்தப் பக்கத்துக் கல்லைப் பார்த்தே சொல்கிறார்கள். பன்னிரண்டு கோடி வருஷத்துச் சேதியைக் கல் சொல்லுமானால், நேற்று விழுந்த விமானத்தின் தகடு நேற்றைய சேதியைச் சொல்லாதா?

அடுப்பங்கரைப் பாடம்

எரிவதற்கும் வெடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததல்ல. தீபாவளிப் பட்டாசிலே பார்த்திருக்கிறோம். மருந்தைத் தரையில் கொட்டிக் கொளுத்தினால் 'புஸ்' என்று எரிந்து அடங்கிவிடும். அதே மருந்தைக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றினால் 'டமார்' என்கிறது! மருந்து ஒன்றுதான். எவ்வளவு வேகமாக எரிகிறது, எரிந்து உண்டான வாயுவுக்கு வெளியேற வழி இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

விமான விபத்தை ஆராய்கிறவர்கள் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, சாதாரண நெருப்பு. அது உஷ்ணத்தால் கெடுக்கிறது. உருக்கும், கருக்கும், வளைக்கும். இரண்டாவது, எரிபொருளின் ஆவி காற்றோடு கலந்து 'குபீர்' என்று பற்றிக்கொள்வது. காஸ் கசிந்த சமையலறையில் தீக்குச்சி கிழித்தால் நடப்பது இதுதான். இதிலே ஒரு பெரிய மூச்சு எழுந்து சுவரையும் கதவையும் அப்படியே வெளியே தள்ளுகிறது. மூன்றாவது, வெடிகுண்டு. அதற்குள் வெடிப்பு பரவும் வேகம் ஒரு விநாடிக்கு ஆறேழு கிலோமீட்டர். நாம் நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிற தூரத்தை அது ஒரே விநாடியில் கடக்கிறது! தகடு வளைந்து கொடுப்பதற்குக்கூட அவகாசம் இருப்பதில்லை. சுக்கு நூறாகிவிடுகிறது.

ஆகவே மூன்றும் மூன்று விதமான கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் படித்த கதைகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

குண்டு முந்தி, தீ பிந்தி

1955 ஏப்ரல் 11. இந்தோனேஷியாவில் பாண்டுங் மகாநாடு கூடவிருந்த சமயம். அதற்குப் போகிற சீனப் பிரதிநிதிகளையும் பத்திரிகைக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு, ஏர் இந்தியாவின் 'காஷ்மீர் பிரின்ஸஸ்' விமானம் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டது. சீனப் பிரதமர் சௌ என்லாயும் அதில் வருவதாக இருந்தது, கடைசியில் வரவில்லை. கிளம்பிச் சுமார் ஐந்து மணி நேரம் கழித்து, கடலுக்கு மேலே பறக்கையில், வயிற்றுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. உள்ளே புகை நுழைந்தது. வலது இறக்கையில் தீ!

காப்டன் ஜடார் நிதானம் இழக்கவில்லை. இறக்கையில் தீ எரிந்துகொண்டிருக்க, புகைக்கு நடுவே விமானத்தைக் கடலில் இறக்க முயன்றார். சிப்பந்திகள் உயிர்க்காப்பு உடைகளை விநியோகித்தார்கள். பணிப்பெண் குளோரியா பெர்ரி கடைசி வரையில் தம் கடமையைச் செய்தார். விமானத்தில் இருந்த 19 பேரில் 16 பேர் இறந்தார்கள். தீட்சித், பாதக், கார்னிக் என்ற மூன்று சிப்பந்திகள் மட்டும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். இந்த ஐந்து பேருக்கும் நம் சர்க்கார் அசோக சக்கர விருது அளித்துக் கௌரவித்தது.

இங்கேதான் நம் கேள்வி வருகிறது. பிழைத்தவர்கள் கண்டது தீயை. அப்படியானால் எஞ்சின் கோளாறு என்று முடித்துவிடலாமா? கடலுக்கு அடியில் கிடந்த பாகங்களை எடுத்துப் பார்த்தார்கள். வலது சக்கரம் மடங்கி உள்ளே போகும் பள்ளத்திலே வெடிப்பு நடந்த அடையாளம் இருந்தது. பக்கத்திலே இருந்த பெட்ரோல் தொட்டி துளைபட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, விமானத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கடிகாரப் பொறியின் நசுங்கிய துண்டுகள் அகப்பட்டன! நேரம் குறித்து வைத்த வெடிகுண்டு தொட்டியைத் துளைத்தது, அதனால் தீ மூண்டது என்று இந்தோனேஷிய விசாரணை அதே வருஷம் மே மாதத்தில் தீர்ப்புச் சொல்லிற்று. ஹாங்காங் விமான நிலையத்தில் வேலை பார்த்த பணியாள் ஒருவன்மீது சந்தேகம் விழுந்தது. அதற்குள் அவன் தைவானுக்குத் தப்பிவிட்டான்.

அந்தத் துண்டுகள் மட்டும் அகப்படாமல் போயிருந்தால்? விமானத்தைப் பழுது பார்த்தவர்கள் தலையிலே அல்லவா பழி விழுந்திருக்கும்!

தகட்டிலே பூத்த இதழ்கள்

அடுத்தது 'கனிஷ்கா'. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்தில், 31,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஏர் இந்தியா ஜம்போ விமானம், ராடார் திரையிலிருந்து திடீரென்று மறைந்தது. ஆபத்து என்று ஒரு வார்த்தை சொல்ல விமானிக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 329 பேர் மாண்டார்கள். குடும்பம் குடும்பமாக, விடுமுறைக்கு ஊர் பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

விமானம் கிடந்ததோ சுமார் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். தூர இருந்து இயக்கும் யந்திரத்தைக் கடலுக்குள் இறக்கி, ஜூலை மாதம் கறுப்புப் பெட்டிகள் இரண்டையும் எடுத்தார்கள். விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்கிற பெட்டியில் சாதாரணமான பேச்சு கேட்டது. திடீரென்று ஒரு சத்தம். அதோடு பதிவு அறுந்துவிட்டது. தீ என்றால் இப்படி இராது. எச்சரிக்கை மணி அடிக்கும். 'புகை, புகை' என்று விமானிகள் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு கருவியாகச் செயலிழக்கும். தீ சொல்லிவிட்டு வருகிறது. குண்டு சொல்லாமல் வருகிறது.

சத்தத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியுமா? நீதிபதி கிர்பாலின் விசாரணையில், முன்பக்கத்துச் சாமான் அறையைச் சேர்ந்த தகடுகளைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். தகட்டிலே உள்ளிருந்து வெளியே போன துளைகள். துளைகளின் ஓரம் பூவிதழ் போலச் சுருண்டிருந்தது. பூரியை உள்ளிருந்து விரலால் குத்தினால் ஓரம் வெளிப்பக்கம் மடங்குகிறதே, அந்த மாதிரி. நெருப்பு தகட்டை உருக்கும், இப்படிச் சுருட்டாது. கீழே விழுந்தால் தகடு நசுங்கும், கிழியும். அப்போதும் இப்படிப் பூக்காது. சாமான் அறையில் குண்டு வெடித்தது என்பது விசாரணையின் முடிவு. அதே நாளில் ஜப்பானில் நரிட்டா விமான நிலையத்தில் இன்னொரு பெட்டி வெடித்து, சாமான் தூக்கும் தொழிலாளிகள் இருவர் இறந்தார்கள். இரண்டு பெட்டிகளும் கனடாவில் வான்கூவரில் ஏற்றப்பட்டவை. பெட்டிகள் ஏறின, பெட்டிக்கு உரியவர்கள் ஏறவில்லை!

'என்ன லாபம்?' என்று கேட்டாரல்லவா குன்னத்துச் சகோதரி? இதோ லாபம். இன்று ஒரு பிரயாணி பெட்டியைக் கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறாமல் போனால், அந்தப் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் புறப்படுகிறது. அதனால் அரைமணி தாமதமானால் முணுமுணுக்கிறோம். அந்த அரைமணிக்குப் பின்னால் 329 பேருடைய கதை இருக்கிறது.

களைத்துப்போன இரும்பு

மூன்றாவது கதை நம் சென்னைக்கு வரவேண்டிய விமானத்தைப் பற்றியது. 1976 அக்டோபர் 12, பின்னிரவு. பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் 'காரவெல்' விமானத்தின் எஞ்சின் ஒன்று, மேலே கிளம்பிய உடனே பழுதாயிற்று. விமானி திரும்பினார். ஓடுபாதையை நெருங்கி வருகையில் விமானம் கட்டுமீறி விழுந்தது. 95 பேரும் மாண்டார்கள். நடிகை ராணி சந்திரா, தம் தாயாருடனும் சகோதரிகளுடனும் அதில் இருந்தார். 'பத்ரகாளி' படம் அப்போது முடியாமல் இருந்தது. அவர் சாயலில் இருந்த வேறொரு பெண்ணை வைத்து மிச்சத்தை எடுத்து வெளியிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தாய்மார்கள் இன்றும் இருப்பார்கள்.

இங்கே குண்டும் இல்லை, சதியும் இல்லை. எஞ்சினுக்குள் சுழலும் உலோக வட்டு ஒன்று உடைந்தது. உடைந்த துண்டு எஞ்சினின் கூட்டைப் பிளந்து, எரிபொருள் குழாயை அறுத்தது. தீ மூண்டது. விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உதவுகிற எண்ணெய் வடிந்துபோயிற்று. விமானியின் கைப்பிடிக்கு விமானம் கட்டுப்படவில்லை.

வட்டு ஏன் உடைந்தது? உலோகமும் களைத்துப்போகும்! கொண்டை ஊசியை இப்படியும் அப்படியுமாக இருபது தடவை வளைத்துப் பாருங்கள். கடைசியில் 'பட்' என்று ஒடியும். அப்படி ஒடிந்த உலோகத்தைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி வரி வரியாகத் தெரியும். விரிசல் நாளுக்கு நாள் எவ்வளவு வளர்ந்தது என்பதை அந்த வரிகள் காட்டும். குண்டினால் உடைந்ததில் அந்த வரிகள் இரா. ஒரே அடியில் உடைந்ததற்கு நாட்குறிப்பு ஏது?

ஆகாயத் தீயா, பூமித் தீயா?

தீ என்று தெரிந்த பிறகும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. பறக்கும்போதே எரிந்ததா, விழுந்த பிறகு எரிந்ததா? விமானத்தின் இறக்கை நிறைய எரிபொருள்; விழுந்தால் எரியாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

இதற்கும் அடையாளங்கள் உண்டு. பறக்கையில் எரிந்தால் எதிர்க்காற்று தீயை ஊதிவிடுகிறது. கரி, விமானத்தின் வால் பக்கமாகக் கோடு கோடாகப் படியும். உருகிய அலுமினியம் பின்பக்கமாகத் தெறித்து ஒட்டியிருக்கும். தரையில் எரிந்தால் கரி மேல்நோக்கிப் படியும்; உருகிய உலோகம் கீழே வழிந்து குளமாகக் கட்டும். கிழிந்த தகட்டின் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கரிக்கோடு கிழிசலைத் தாண்டித் தொடர்ந்தால், தீ முந்தி, கிழிந்தது பிந்தி. ஒரு பாதி கரியாகவும் மறுபாதி சுத்தமாகவும் இருந்தால், கிழிந்தது முந்தி.

எவர்சில்வர் பாத்திரத்தை வெறும் அடுப்பில் மறந்து வைத்துவிட்டால், அடிப்பக்கம் மஞ்சளித்து, நீலம் பாய்கிறதே. எந்த நிறம் எந்தச் சூட்டில் வரும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. விமானத் தகட்டின் அடிச்சாயமும் அப்படித்தான். சுமார் 230 டிகிரியில் பழுப்பாகத் தொடங்கி, 370 டிகிரியில் கறுத்துவிடும். தெர்மாமீட்டர் வைத்தது போலச் சூட்டைச் சொல்லிவிடலாம்.

சொல்வதற்குச் சங்கடமாயிருந்தாலும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறந்தவர்களின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா, மூச்சுக் குழாயில் கரி படிந்திருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். இருந்தால், உயிரோடு இருக்கையிலேயே புகையைச் சுவாசித்தார்கள் என்று ஏற்படும். மாண்டவர்களும் சாட்சி சொல்கிறார்கள்.

நம் நீலகிரியில், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில், 2021 டிசம்பர் 8 அன்று ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி உள்பட 14 பேர் உயிரிழந்தார்கள். 'சதியோ?' என்று நாடெங்கும் பேச்சு. முப்படை விசாரணை 2022 ஜனவரியில் சொன்னது வேறு. சதியும் இல்லை, யந்திரக் கோளாறும் இல்லை. பள்ளத்தாக்கில் திடீரென்று மேகம் சூழ, விமானிக்குத் திசை மயங்கி, ஹெலிகாப்டர் மலையில் மோதிவிட்டது. தீ, காரணமல்ல, காரியம். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 பேரைப் பலி கொண்ட விபத்திலும் நாம் கண்டது பெருந்தீ. முதற்கட்ட அறிக்கையோ, கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு எஞ்சின்களுக்கும் எரிபொருள் நின்றுபோயிற்று என்றது. கண்ணில் பெரிதாகத் தெரிவதே காரணமாகிவிடாது.

காலி டப்பாவின் கோபம்

கடைசியாக, எல்லாருடைய ஊகத்தையும் பொய்யாக்கிய கதை. 1996 ஜூலை 17-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய ஜம்போ விமானம் கடலுக்கு மேலே வெடித்தது. 230 பேர் இறந்தார்கள். குண்டு என்றார்கள், ஏவுகணை என்றார்கள். சில பாகங்களில் வெடிமருந்தின் துளிகூடத் தென்பட்டது! ஆனாலும் நிபுணர்கள் அவசரப்படவில்லை. கடலிலிருந்து பாகங்களை அள்ளி, பெரிய கொட்டகையில் விமானத்தைத் துண்டு துண்டாகத் திரும்ப அடுக்கினார்கள். பூவிதழ்ச் சுருளைத் தேடினார்கள்; இல்லை. குண்டுக்கே உரிய பொடிக் குழிகளைத் தேடினார்கள், இல்லை. நடுத் தொட்டியின் தகடுகள் மட்டும் பெருமூச்சு தள்ளினாற்போல் வெளிப்பக்கம் தள்ளப்பட்டிருந்தன. நான்கு வருஷ உழைப்புக்குப் பிறகு முடிவு வந்தது. ஏறக்குறையக் காலியாயிருந்த தொட்டி சூடேறி, ஆவி நிரம்பி, பெரும்பாலும் மின்கசிவினால் வெடித்திருக்கிறது. அதன் பிறகு, தொட்டிக்குள் தீப்பற்றாத வாயுவை நிரப்புகிற ஏற்பாடு விமானங்களில் வந்தது.

சகோதரிகளே, நிறைந்த டப்பாவை விடக் காலி டப்பாவே பொல்லாதது! மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் இருந்த காலி டின்னை அடுப்பருகே வைக்காதீர்கள். பற்றவைக்கவோ வெட்டவோ கொடுக்காதீர்கள். எரிவது திரவமல்ல, ஆவி.

காஸ் விஷயமும் அதுதான். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தங்கும். நாற்றம் வந்தால் விளக்கைப் போடாதீர்கள். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். சுவிட்சின் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். குளிருக்காக மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். விமானத்தில் பார்த்தோமே கார்பன் மோனாக்சைடு, அது வாசனையே இல்லாமல் வந்து ஆளை எடுத்துப் போகும்.

விமானம் ஏறுகிற பிள்ளைகளுக்குப் பெட்டி கட்டுகிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பவர் பாங்கைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் கொடுங்கள். கைப்பையில் புகைந்தால் சிப்பந்திகள் அணைத்துவிடுவார்கள். சாமான் அறையில் புகைந்தால் அங்கே யார் போவது? பட்டாசு, மத்தாப்பு, தீப்பெட்டி எதையும் பெட்டியில் வைக்க வேண்டாம். ஊர் ஞாபகத்துக்கு என்று கொப்பரைத் தேங்காயும் வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள கொப்பரை தானாகவே சூடேறிப் பற்றக்கூடியது என்பதால், நம் விமான நிலையங்களில் அதைப் பெட்டியில் அனுமதிப்பதில்லை. தேங்காய்த் துவையலுக்குப் பதில் பருப்புப் பொடி இடித்துக் கொடுங்கள். பிள்ளை அதைப் போட்டுச் சாதம் பிசையும்போது வீட்டை நினைத்துக்கொள்வான்.